பாலன் பாதம் துடைக்கும் துண்டு

அந்தப் பையைத் தொடாதம்மா. கோவிச்சுக்காத, மேல வைக்க இடம் இருக்குன்னு நல்ல மனசோடதான் சொல்லுத. மடியிலயே இருக்கட்டும். மேல வச்சு, இந்த டிரைவர் போடுத பிரேக்குல ஒரு விரல் ஒடிஞ்சு போச்சுன்னா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவாவ.

ஜன்னலைச் சாத்திக்கிடுதேன், வாடைக்காத்து காதுக்குள்ள போகுது. மதுரைக்குத்தான் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. நீ கோவில்பட்டியில இறங்கிருவியா? கழுத்துல உத்தரியம் கிடக்கே, ஆர்.சி.யா? அப்படிச் சொல்லு. திருநெல்வேலியில ஏறும்போதே பாத்தேன். அதான் முன்னால சீட்டு காலியாக் கிடந்தும் உன் பக்கத்துல வந்து உட்காந்தேன். வெளியாளுககிட்டச் சொன்னா நம்ம கோயிலைக் கேவலமா நினைப்பாவ. நம்ம ஆளுகிட்டச் சொல்லலாம்.

இன்னைக்கு ராத்திரி கிறிஸ்மஸ் பூசை. ஊர்ல பிறந்தவன் எல்லாம் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வாரான். இந்த வியாகுலம் மட்டும் பையைத் தூக்கிக்கிட்டு ஊரை விட்டுப் போறா. ஏன்னு கேக்கணும்னு உனக்கு இருக்கு, கேக்க மாட்டேங்க. நானே சொல்லுதேன்.

பைக்குள்ள இருக்கது எங்க கோயில் பாலன் இயேசு.

அப்படிப் பாக்காத. திருடிட்டு வரல. எங்க வீட்டுச் சொத்து. எங்க மாமனார் கொழும்புல கடை வச்சிருந்த காலத்துல கப்பல்ல கொண்டாந்த சுரூபம். மரத்துல செஞ்சது, கண்ணு மட்டும் கண்ணாடி. நீ எந்தப் பக்கம் நின்னாலும் உன்னையே பாக்கும். வருஷம் பூரா எங்க வீட்டுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும். கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் முன்னால திருவருகைக்காலம் வந்துட்டா நான் அதுக்குப் புதுச் சட்டை தைக்க ஆரம்பிப்பேன். சாட்டின் துணி, கழுத்துல ஜரிகை. கிறிஸ்மஸ் பூசையில மணி எல்லாம் அடிக்கும்போது எங்க வீட்டு ஆளுதான் அதைக் கோயில் வாசல்ல இருந்து தூக்கிட்டுப் போயி குடில்ல வைக்கணும். மாமனார் தூக்குனாவ. அப்புறம் எங்க வீட்டுக்காரவிய தூக்குனாவ. அவிய போன பிறகு நான். பொம்பள தூக்கலாமான்னு ஒருத்தர் கேக்கல. வியாகுலம் தூக்கினாத்தான் பாலனுக்கே அழகுன்னு சொன்னாவ. அதே வாய்தான் இன்னைக்கு வேற பேசுது.

வச்ச பிறகு, பூசை முடிஞ்சு எல்லாரும் வரிசையா வந்து முத்தி செய்வாவ இல்லியா, உங்க ஊர்லயும் உண்டும்லா? பாலனைக் கையில ஏந்திக்கிட்டு நிப்பேன். ஒவ்வொருத்தரும் பாலன் பாதத்துல முத்தம் குடுத்ததும் துண்டால துடைக்கணும். கை கடுத்துப் போயிரும். ஆனா ஒரு சந்தோஷம் அது. முதல்ல எங்க மேலத்தெரு ஆளுக வருவாவ, அவிய முடிச்ச பிறகு கீழத்தெரு ஆளுக வருவாவ. யாரும் சட்டம் போடல. அது பாட்டுக்கு அப்படி நடக்கும்.

நாங்க சாதி எல்லாம் பாக்கிற ஆளுக இல்ல, கேட்டியா. ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே நற்கருணை. கீழத்தெருவுல ஒரு சாவுன்னா சவக்காலை வரைக்கும் நான் போயிருக்கேன். அவியளுக்குன்னு தனிச் சவக்காலை, அதுவரைக்கும். என்ன, முத்தி செய்யும்போது அவிய வரிசை ஆரம்பிச்சா நான் துண்டை மாத்திக்கிடுவேன். மேலத்தெருவுக்கு மடத்துச் சிஸ்டர்மாரு பூ போட்டுத் தந்த துண்டு. அவியளுக்கு வேற துண்டு. அதுவும் வெள்ளைதான், நல்லாத் துவைச்சதுதான். சுத்தத்துக்காகச் செய்யிறது. அத்தனை பேரு எச்சில் ஒரே துண்டுல படலாமா, நீயே சொல்லு.

அதை ஒரு பிள்ள நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. பல வருஷம் முன்னால. புதுநன்மை வாங்கின வெள்ளைக் கவுனோட வந்து நிக்குது, முத்தி செஞ்சிட்டு நகராம என் கையையே பாக்குது. "ஏன் பெரியம்மா துண்டை மாத்துதிய?"ன்னு கேட்டுட்டு. கோயிலே கேக்குத மாதிரி கேட்டுட்டு. "நனைஞ்சு போச்சுட்டி, அதான்"னு சொன்னேன். "நனையலையே"ன்னா. அந்த வயசுல அந்த வாய்.

அந்தப் பிள்ள பேருதான் ஜெனோவா. என் மகன் பெனடிட்டு இழுத்துட்டு வந்திருக்கான் பாரு, அவதான்.

இழுத்துட்டு ஓடல. ஓடியிருந்தாக்கூடத் தேவல. முறையா, கோயில்ல ஓலை வாசிச்சுக் கட்டினான். எனக்கு விஷயமே அந்த ஓலையிலதான் தெரியும். முன் பெஞ்சுல உட்காந்திருக்கேன். பழைய சாமியாரு வாசிக்காரு. இன்னாரு மகன் பெனடிக்ட், இன்னாரு மகள் ஜெனோவான்னு. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. தடை ஏதும் தெரிஞ்சவிய சொல்லணும்னு சொல்லுவாவல்லா, நான் எழுந்திரிச்சு நின்னுட்டேன். கோயிலே திரும்பிப் பாக்கு. "என்ன தடைம்மா?"ன்னு சாமியாரு கேக்காரு. என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரும் ஞானஸ்நானம் வாங்கினவிய, வயசு இருக்கு, உறவு முறையிலயும் தடை இல்ல. தெருன்னு சொல்ல முடியுமா, பீடத்துக்கு முன்னால? உட்காந்துட்டேன். அன்னைக்கு நான் பட்ட அவமானத்தை அந்த ஆண்டவரே பாத்துக்கிட்டுதான் இருந்தாரு.

அதோட அவன் என் வீட்டுப் படி ஏறல. ஏறக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். ஆனா சொன்னா, ஒரு தடவையாவது மீறி வரணுமா இல்லையா? பெத்த பிள்ளைன்னா வரணும். வரல. கீழத்தெருவுல மாமியார் வீட்டுப் பக்கத்துலயே வீடு பாத்துட்டான்.

இந்தப் போனைக் கொஞ்சம் பாரு தாயி. சத்தம் வச்சிருக்கா? இருக்கா. சரி. யாரும் அடிக்கல. சும்மாதான் கேட்டேன்.

இப்ப இந்த வருஷத்துக்கு வாரேன். புதுச் சாமியாரு வந்திருக்காரு, ஃபாதர் எட்மண்ட். சின்ன வயசு. முதல் ஞாயிறு, ஊதா மெழுகுதிரி ஏத்தின அன்னைக்கு, பிரசங்கம் முடிச்சிட்டு ஒரு அறிவிப்புன்னாரு. "இந்த வருஷத்துல இருந்து பாலன் சுரூபத்தை ஒரே குடும்பம் தூக்க வேண்டாம். பங்குல கடைசியாப் பிறந்த குழந்தை எதுவோ, அதைப் பெத்த தாய் தகப்பன் தூக்கிட்டு வரட்டும்"னாரு. எல்லாரும் கை தட்டுதாவ. கை தட்டுதாவம்மா! என் பாலனை என் கையில இருந்து பிடுங்குதாரு, அதுக்குக் கை தட்டு.

நான் அங்கனயே மனசுக்குள்ள யாரு யாரு மாசமா இருக்கான்னு ஓட்டிப் பாத்துட்டேன். மேலத்தெருவுல லில்லி. கீழத்தெருவுல அவ. ரெண்டு பேருக்கும் கிறிஸ்மஸுக்கு முன்னாலதான். யாருக்குப் பிந்திப் பிறக்குதோ அவ தூக்குவா. லில்லி தூக்கினாக்கூட நம்ம தெருன்னு மனசை ஆத்திக்கிடலாம். அதனால லில்லிக்குப் பிரசவம் தள்ளிப் போகணும்னு அந்தோணியாருக்கு நவநாள் ஆரம்பிச்சேன். சிரிக்கியா? உபவாசம் இருந்துல்லா செபிச்சேன். லில்லி வீட்டுக்கே போயி, "நல்லாப் படுத்துக்க தாயி, மாடிப்படி ஏறாத, கனமாத் தூக்காத"ன்னு தாங்கித் தாங்கிச் சொன்னேன். பெத்த மகளுக்குச் செய்யாததை எல்லாம் செஞ்சேன்னு அவ மாமியாக்காரி மெச்சிக்கிட்டா. ரெண்டாவது ஞாயிறு சாமியாரு மேடு எல்லாம் தாழணும் பள்ளம் எல்லாம் நிரம்பணும்னு எங்களைக் குத்திக்குத்திப் பிரசங்கம் வைக்காரு, நான் லில்லியைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பிரசங்கத்துக்கு நடுவுலயே எழுந்திரிச்சுட்டா. வலி வந்துட்டு. அன்னைக்குச் சாயங்காலம் பெண் குழந்தை. அந்தோணியாரு காணாமப் போனதை எல்லாம் கண்டுபிடிச்சுத் தருவாரு. என் நவநாளை மட்டும் எங்க தொலைச்சாரோ.

மூணாவது ஞாயிறு, ரோஸ் மெழுகுதிரி. மகிழ்ச்சி ஞாயிறு. எனக்குத்தான் மகிழ்ச்சி! பூசை நடந்துக்கிட்டு இருக்கும்போதே மணி அடிக்குத கோயில்பிள்ளை தொம்மை பீடத்துப் பக்கமாப் போயி சாமியாரு காதுல என்னமோ சொல்லுதான். சாமியாரு முகம் அப்படியே மலருது. "நம்ம பங்குல இன்னைக்குக் காலையில ஒரு ஆண் குழந்தை பிறந்திருக்கு. பெனடிக்ட், ஜெனோவா தம்பதிக்கு"ன்னாரு. திரும்பவும் கை தட்டு. எனக்குப் பின்னால இருந்த பொம்பளைக எல்லாம் எட்டி எட்டி என் மூஞ்சியப் பாக்குதாவ. நான் மெழுகுதிரியையே பாத்துக்கிட்டு இருந்தேன். எரிஞ்சு ஒழுகி ஒரு பக்கமாச் சாயுது. ஒரு ஆளு நிமித்தி வைக்கல.

அன்னைக்குச் சாயங்காலம் பெனடிட்டு வந்தான். கேட்டுக்கு வெளியவே நின்னான். சைக்கிளை விட்டுக் கையை எடுக்கல. "அம்மா, பையன் பிறந்திருக்கான்"னான். நான் ஜன்னல்ல நின்னு பாலனுக்குச் சட்டை தச்சுக்கிட்டு இருக்கேன். "பாலன் பிறக்க இன்னும் நாள் இருக்கு"ன்னேன். நின்னான். நான் ஊசியில நூலைக் கோக்கேன், கோக்க வரமாட்டேங்கு. நிமிந்து பாக்குதேன், போயிட்டான். கொஞ்ச நேரம் நிக்கப்படாதா? நூலு கோத்து முடிக்கிற நேரம் நின்னிருந்தா நான் வேற என்னமும் சொல்லியிருப்பேனோ என்னமோ. அவியளுக்கு எல்லாத்துலயும் அவசரம்.

சட்டை தச்ச துணியில மிச்சம் கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு இன்னொரு சின்னச் சட்டை தச்சேன். யாருக்குன்னு எல்லாம் இல்ல. பச்சப்பிள்ள அளவு. அதுவும் இந்தப் பைக்குள்ளதான் கிடக்கு.

அப்புறம் சாமியாரே வீட்டுக்கு வந்தாரு. காப்பி போட்டுக் குடுத்தேன், நல்ல பித்தளை டம்ளர்ல. பாலன் பெட்டிக்கு முன்னால உட்காந்துக்கிட்டு நைச்சியமாப் பேசுதாரு. "உங்ககிட்ட இருந்து நான் எதையும் பறிக்கலம்மா. ஜெனோவா வாசல்ல இருந்து தூக்கிட்டு வரட்டும். நீங்க குடில்கிட்ட நின்னு, அவ கையில இருந்து வாங்கி வையுங்க. முத்தி செய்யும்போது எப்பவும் போல நீங்கதான் ஏந்திக்கிட்டு நிக்கணும்"னாரு. அவ கையில இருந்து நான் வாங்கணுமாம். ஊரு பாக்க.

"அவ சம்மதிச்சுட்டாளா?"ன்னு கேட்டேன்.

"சம்மதிச்சுட்டா. பச்ச உடம்புக்காரி, ஆனாலும் வாரேன்னா. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா."

"என்ன, எங்க வீட்டு நகையா?"

"இல்லம்மா. எல்லாருக்கும் ஒரே துண்டால துடைக்கணுமாம். வேற ஒண்ணும் வேண்டாமாம்."

எனக்கு உச்சந்தலையில ஏறிட்டு. எத்தனை வருஷம் மனசுல வச்சிருக்கா பாரு! புதுநன்மை வாங்கின வயசுல பாத்ததை! மன்னிக்கத் தெரியாத மனசு. நாம எல்லாம் எத்தனையை மறந்துட்டு இருக்கோம். "சாமி, அது சுகாதாரம், உங்களுக்குத் தெரியாது"ன்னேன். அவரு காப்பியைத் தொடாம அப்படியே வச்சிட்டுப் போயிட்டாரு. பித்தளை டம்ளர்ல குடுத்தது.

இன்னைக்குக் காலையில குடிலைப் போயிப் பாத்தேன். நல்லாத்தான் போட்டிருக்கானுவ, பசங்க. கேழ்வரகு முளைப்பாரி பச்சப்பசேல்னு நிக்குது. மாதா ஒரு பக்கம், சூசையப்பர் ஒரு பக்கம், ஆடு, மாடு. நடுவுல தொட்டி, வைக்கோலு போட்டு வெறுமையாக் கிடக்கு. அதைப் பாத்ததும் எனக்கு ஒரு புத்தி வந்துச்சு. இது இப்படியே கிடக்கட்டும். மணி அடிக்கட்டும், எல்லாரும் எழுந்திரிச்சுப் பாடட்டும், அவ வாசல்ல வந்து வெறுங்கையோட நிக்கட்டும். அப்பத் தெரியும் இந்த வியாகுலம் யாருன்னு. வீட்டுக்கு வந்தேன். பாலனைத் துணியில சுத்தினேன், பையில வச்சேன். துண்டு ரெண்டையும் எடுத்துக்கிட்டேன். பூட்டிக்கிட்டு சாயங்காலம் பஸ் ஏறிட்டேன். யாரும் என்னனு கேக்கல. பஸ் ஸ்டாண்டுல நம்ம ஆளுக எத்தனை பேரு, கேரல் பாட்டு ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு நிக்கானுவ, ஒருத்தன் கேக்கல.

இந்நேரம் தேடியிருப்பாவ. தேடாம என்ன? பாலன் இல்லாம பூசை வைப்பாவளா?

அந்தா, அடிக்குது பாரு! நான் சொல்லல? யாரு போட்டிருக்கு? கண்ணாடி பைக்கு அடியில கிடக்கு, நீ பாத்துச் சொல்லு. தொம்மையா? ஆங். பச்சையை அமுக்கித் தா.

சொல்லு தொம்மை. ஆமா, பஸ்ஸுலதான். மதுரைக்கு. ஏன், என்ன வேணும் இப்ப? ... என்னது? சத்தமாச் சொல்லுல, வண்டி இரையுது. ... குடில் சாமான் ரூம்பு சாவியா? சாவி ஆணியில கிடக்கு, கதவுக்குப் பின்னால. அவ்வளவுதானா? ... பாலன் எங்கிட்ட இருக்கு, தெரியும்லா? ... தெரியுமா? சாமியாரு என்ன சொன்னாரு? ... ம். ... ம். ... யாரை? ... வைல போனை.

கேட்டியா? நீ கேட்டிருக்க மாட்ட. பாலனைத் தேடலையாம். நான் பையோட பஸ் ஏறினதை அவனே பாத்து சாமியாருகிட்டச் சொன்னானாம். சாமியாரு, "போயிட்டு வரட்டும், தொந்தரவு பண்ணாத"ன்னாராம். எனக்கே மன்னிப்புக் குடுக்காரு! அப்புறம் என்ன சொன்னாராம் தெரியுமா? அந்தப் பிள்ளையவே தூக்கிட்டு வந்து தொட்டியில கிடத்தப் போறாவளாம். உசிரோட. ஞானஸ்நானம்கூட ஆகாத பிள்ளையை. ஊரே வரிசையில வந்து பாக்கப் போகுதாம். மேலத்தெரு, கீழத்தெரு எல்லாம் ஒண்ணாக் கலந்துதான் வரிசையாம், லில்லி மாமியாக்காரி இப்பவே போயி முதல் ஆளா நிக்காளாம்.

இதுகளுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? மார்கழிக் குளிரு, பிறந்து முழுசா ரெண்டு வாரம் ஆகல, வைக்கோல்ல கிடத்துதானுவ. வைக்கோல்ல சுணை இருக்கும், பூச்சி இருக்கும். கீழ என்ன விரிப்பாவ? அவ பழைய சேலைத் துணியச் சுத்தித்தான் கொண்டாருவா, வேற என்ன இருக்கு அவகிட்ட? ஊரு பாக்க, எங்க வீட்டுக்காரவிய மத்தியாஸோட பேரன், பழைய சேலைத் துணியில! கண்டவனும் வந்து காலைத் தொடுவான், சின்னப்பிள்ளைக முத்தம் வேற குடுக்கும். துடைக்க ஆளு வேண்டாமா? ஒரு ஆளு பக்கத்துல நின்னு துடைச்சுக்கிட்டே இருக்கணும்லா? துண்டு ரெண்டும் எங்கிட்டல்லா இருக்கு!

எப்படி இருப்பான்னு தொம்மைகிட்டக் கேட்டிருக்கலாம். அவிய தாத்தா சாயல்னு லில்லி சொன்னா. அவ எல்லாத்துக்கும் அப்படித்தான் சொல்லுவா.

ஒண்ணும் இல்ல. தூசி. அதான் ஜன்னலைச் சாத்துனேன்.

கோவில்பட்டி வந்துட்டு. எதுத்தாப்ல நிக்குத வண்டி திருநெல்வேலி வண்டிதானே? கிளம்பப் போறானா? இப்ப இறங்கி ஏறினா பூசைக்குப் போயிரலாம். மணி அடிக்கதுக்குள்ள போயிரலாம். போயி? கையில பையோட, எல்லாரும் ஒதுங்கி வழி விட, அவ முன்னால போயி நிக்கணும். நிக்கணுமா? நீ என்ன சொல்லுத? நீ சொல்லுவ, உனக்கென்ன. ஒரு மருமவ கையில மாட்டினாத்தான் தெரியும். நான் எதுக்கு இறங்கணும்? வந்து கூப்பிடட்டும். போன்ல கூப்பிட்டான்லா தொம்மை, சாவிக்குத்தான கூப்பிட்டான்? வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. போகட்டும், அந்த வண்டி போகட்டும். பாரு, போயிட்டு.

என்ன தாயி? இறங்கலையா? முத்தி செய்யணுமா? பாலனையா? அட, செய்யி, தாராளமாச் செய்யி. உனக்காவது கேக்கத் தோணிச்சே. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறு, இந்தப் பிள்ள இறங்கணும். துணியை விலக்குதேன் இரு. பாத்தியா, உன்னையே பாக்குது. புதுச் சட்டை, இந்த வருஷம் தச்சது. பாதம் இந்தா இருக்கு. மெதுவா. ஆங்.

இரு, இரு, அப்படியே போயிராத. துடைக்கணும்லா. ரெண்டும் இதுக்குள்ளதான் கிடக்கு, அடியில போயிட்டு. இந்தா இருக்கு. ஆமா, இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு வாரோம், கேக்கவே மறந்துட்டேன் பாரு. உங்க ஊர்ல நீ எந்தத் தெரும்மா?